பெட்டிக்குச் சுமலதா என்று பெயர்

ஞாயிற்றுக்கிழமைகளில் டீ போடுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. அன்றைக்கும் பதினெட்டுப் பேருக்குப் போட்டு, பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவைத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் அப்படிக் கிடக்கும்போது டீ போட எப்படி மனசு வந்தது என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். பால் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது, அய்யா. வேறு காரணம் இல்லை. அந்த அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் துடைத்தெடுப்பது பெரிய பாடு.

காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை வரிசையாக எழுது என்றீர்கள். அது எனக்குப் பழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எந்த மிஷின் எத்தனை மணிக்கு நின்றது, எதனால் நின்றது, நான் என்ன செய்தேன் என்று ஷிஃப்ட் முடிவில் எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். இதையும் அப்படியே எழுதுகிறேன். என் பெயர் சுப்பராயன். வயது நாற்பத்தொன்பது. மனைவி பெயர் சுமலதா. பிள்ளைகள் இல்லை. இப்போது அவளும் இல்லை.

நாரை என்பது கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர். உங்கள் மேஜைமேல் பாலித்தீன் உறையில் கட்டிவைத்திருப்பது அதுதான். ஆறங்குலத் திரை, கட்டைவிரலால் அடிக்கிற மாதிரி தமிழ் எழுத்துப் பலகை, ஒரு பேட்டரி. எந்தக் கம்பெனியும் தயாரித்ததில்லை. நாங்களே செய்தது. எப்படிச் செய்வது என்ற படங்கள், உள்ளே ஓடுகிற நிரல்கள் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம், மாற்றலாம், குறை சொல்லலாம். எதையும் மறைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் குழுவின் சட்டம்.

ஆரம்பித்தவன் பூவராகவன். சோழவரத்துக்காரன், முப்பத்திரண்டு வயது. சென்னையில் நல்ல மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவன். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். “ணே, கடையில வாங்கற போன தொறந்தா அது செத்துடும். இத தொறந்தாத்தான் உயிரே வரும்” என்பான். அரசப்பன் என்பவருடைய பிரஸ் ஷாப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கினான். சிப்காட்டின் பின்சந்தில் இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். வாரம் முழுக்கத் தகடு வெட்டும் இடத்தில், ஞாயிறு வந்தால் மேஜை விரித்து உட்கார்ந்து நாரையின் ஒயர்களைப் பற்றவைப்போம். அரசப்பனின் மிஷின்களை நான் சும்மா பார்த்துக்கொடுப்பேன் என்பதால் சாவி என்னிடம் இருந்தது.

அந்த உற்சாகத்தை எழுதினால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. கலியாண வீடு மாதிரி இருக்கும். பழவேற்காட்டிலிருந்து ஸ்டீபன் வருவான். மீன்பிடிக்கிற குடும்பம். நாரையைப் பாலித்தீனில் சுற்றிப் படகில் கொண்டுபோய், ஏலக்கூடத்தில் எல்லோருக்கும் காற்று எந்தப் பக்கம் என்று காட்டுவான். வள்ளூரிலிருந்து ரம்யா வருவாள். புதிதாகச் செய்த ஒவ்வொரு பெட்டியையும் தன் வீட்டு மொட்டைமாடியில் பத்து நாள் வைத்து எடுத்துவருவது அவள் பொறுப்பு. “எங்க ஊரு அனல்மின் சாம்பல்ல பத்து நாள் தாங்குச்சுன்னா செவ்வாய் கிரகத்துலயும் தாங்கும்” என்பாள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டுக் காட்டியிருக்கிறோம். ஷேர் ஆட்டோக்களின் முதுகில் நாரைப் படம் ஒட்டியிருக்கிறோம். நாற்பத்தேழு வயதுவரை ஷிஃப்ட்டும் வீடுமாக இருந்தவனுக்கு, கல்லூரி மேடையில் ஏறி நின்று பேசுவது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

சுமலதா அரசப்பனிடம் ஒன்பது வருடம் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு எடுத்து வந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாயா இது, டிபன் பாக்ஸுக்கு டிவி வெச்சா மாதிரி கீது” என்றாள் முதல் நாள்.

“அண்ணி, இந்த டிபன் பாக்ஸ் ஒரு நாள் உங்க பிரஸ்ஸையே ஓட்டும், பாத்துக்கினே இருங்க” என்றான் பூவராகவன்.

“அப்போ நான் ஊட்ல குந்திக்கினு சீரியல் பாக்கறேன். சம்பளத்த மட்டும் டிபன் பாக்ஸு எடுத்தாரட்டும்.”

எல்லோரும் சிரித்தோம். மூன்றே வாரத்தில் அவள் பற்றவைப்பு எங்கள் எல்லோருடையதையும்விடச் சுத்தமாக இருந்தது.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. யாராவது ஒரு குறையை எழுதிப் போட்டால் அதற்கு ஒரு எண் விழும். குழுவில் யாராவது இரண்டு பேர் அதைப் படித்து, சோதித்து, கீழே ‘பார்த்தேன்’ என்று போட வேண்டும். இரண்டு ‘பார்த்தேன்’ விழுந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் சரிசெய்தாகிவிட்டது என்று அர்த்தம். முதல் வருடம் ஒழுங்காகத்தான் நடந்தது. கூட்டம் சேரச் சேர, எதிரே வருகிறவருக்கு வணக்கம் போடுவது மாதிரி ஆகிவிட்டது. ரயிலில் வரும்போது கட்டைவிரலால் வரிசையாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். எல்லாம் திறந்து கிடக்கிறதே, வேறு யாராவது படித்திருப்பார்கள் என்ற நினைப்பு.

பூவராகவன் சொன்ன அந்த ஒரு நாள் வந்தது. அரசப்பனின் அறுபது டன் பிரஸ்ஸை நாரையை வைத்துச் சுமலதா ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. காலால் பெடலை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிவேலி ஒன்று உண்டு. சென்சார் என்போம். கை அதைத் தாண்டி உள்ளே இருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. வீடியோ எடுப்பதற்காகப் பெரிய விளக்குகள் கொண்டுவந்தார்கள். அந்த வெளிச்சத்தில் சென்சார் குழம்பி, பிரஸ் சும்மா சும்மா நின்றது. படம் எடுக்க முடியவில்லை. பூவராகவன் நிரலில் ஏதோ ஒரு வரியை மாற்றினான். பிறகு நிற்கவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

காட்டும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, சுமலதா அதில் வேலைசெய்து பழகிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யோவ், அது தானா எறங்குதுயா” என்றாள்.

“எழுதிப் போடு. பாப்பாங்க” என்றேன்.

“போடறேன்யா.”

“அப்புறம் இன்னா?”

அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் சாயந்திரம் பூவராகவன் எல்லோருக்கும் செய்தி அனுப்பினான். நாளைக்கு மூன்று கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பெரிய திரையில் நம் பக்கத்தைத் திறந்து காட்டப்போகிறோம், மூடாத குறை ஒன்றுகூடத் தெரியக் கூடாது என்று. இருந்த குறைகளையெல்லாம் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமலதா தலைபின்னிக்கொண்டே நாரையைத் திறந்து பார்த்தாள். “ரெண்டு பேரு பாத்துட்டாங்கயா. மூடிட்டாங்க” என்றாள். முகம் தெளிந்திருந்தது. இரண்டு நாளாக அப்படி இல்லை. அப்போதுதான் கவனித்தேன்.

பதினொன்றேகாலுக்கு நடந்தது. நூற்றிருபது பேர் நின்றிருந்தார்கள். ஏழாவது தகட்டைச் சரியாகத் தள்ளிவைக்கக் கையை உள்ளே கொடுத்தாள். கால் பெடலில் இல்லை. நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன், காலைப் பார்த்தேன். பிரஸ் இறங்கியது. இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே போய்விட்டன. அவள் கத்தவில்லை. முன்வரிசையில் நின்ற பெண்தான் கத்தினாள். சுமலதா என்னைத் திரும்பிப் பார்த்து, “மூடிட்டாங்களேயா” என்றாள். இப்படிச் சிக்கினால் ஆம்புலன்ஸ் வரும்வரை பிரஸ்ஸைத் தூக்கக் கூடாது. அழுத்தம் இருக்கும்வரைதான் ரத்தம் நிற்கும். மெயின்டெனன்ஸில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். பதற்றத்தில் யாரோ தூக்கிவிட்டார்கள். பதினொரு நிமிடம். ஜி.என்.டி. சாலைக்கு வண்டி ஏறும்போதே முடிந்துவிட்டது.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். பிரஸ்ஸுக்கு வைத்த போலீஸ் முத்திரையை ஐம்பது நாளில் எடுத்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் நான் நாரையைத் திறந்து அந்தக் குறையைத் தேடினேன். எண் 212. எழுதியவர் சுமலதா. அவள் எழுதியதைப் படிக்க முடியவில்லை, பேரைப் பார்த்ததுமே கண் நிற்கவில்லை. கீழே போனேன். முதல் ‘பார்த்தேன்’ பூவராகவனுடையது. அதற்குக் கீழே நான் போகவில்லை. அது போதுமாயிருந்தது.

அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மனிதன் தவறுவது சகஜம். அவன் மேல் கோபம்கூட இல்லை. அந்த வாரமே அவன் ஸ்டீபனையும் ரம்யாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அழுதான். பிறகு சொன்னான்: “ணே, புது வெர்ஷன் ரெடியாயிடுச்சு. அண்ணி பேர வெச்சிருக்கோம். நாரை சுமலதா. எந்த நாட்டுல எவன் செஞ்சாலும் அவங்க பேரச் சொல்லித்தான் செய்யணும்.”

நல்லது என்றேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த நாளிலிருந்து குழுவின் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தது. சுமலதா சூடாகுது. சுமலதா நடுவில் நின்னுபோகுது, ரெண்டு தட்டு தட்டினா ஓடுது. சுமலதாவோட பின்மூடி லூஸ். நேத்து ராத்திரி சுமலதாவைப் பிரிச்சுப் போட்டேன், காலையிலதான் சேர்த்தேன். அவர்கள் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. பெட்டியைப் பற்றித்தான் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றையும் படித்தேன். எதையும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் என் எதிரில் உட்கார்ந்து ரம்யாவிடம், “சுமலதாவுக்கு இன்னும் ரெண்டு கை வேணும்போல, ஒரே நேரத்துல ரெண்டு வேல குடுத்தா திணறுது” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நான் பற்றவைத்துக்கொண்டிருந்த சால்டரிங் அயர்னை அவன் மணிக்கட்டில் வைத்தேன். நான்கு விநாடி இருக்கும். தோல் கருகும் வாசனை எல்லோருக்கும் வந்தது. கை தவறிப் பட்டுவிட்டது என்று ரம்யா சொன்னாள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஸ்டீபன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அந்த வாரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, வரிசையில் வருவதால் எழுதுகிறேன்.

பிறகு பூவராகவன் மறுபடியும் பிரஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றான். விட்ட இடத்திலிருந்து தொடங்கினால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்று அரசப்பனைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தான். இந்த முறை சென்சாரை நாரைக்குச் சம்பந்தமில்லாமல் தனி மின்சாரத்தில் வைத்தோம். நல்ல ஏற்பாடு. நான்தான் செய்தேன்.

“மொதல் பெடல் நீங்கதான் அமுக்கணும்ணே” என்றான் பூவராகவன். “அண்ணிக்கு நாம செய்யற மரியாத.”

சரி என்றேன்.

காட்டும் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரையும் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம், எட்டரைக்கு வந்துவிடு என்று பூவராகவனை அழைத்தேன். ஷெட்டைத் திறந்து, பெருக்கி, அடுப்பில் பாலை வைத்தேன். சென்சாரின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் கைப்பற்றிய பொருட்களில் அது இருக்கிறது. சுமலதா வேலைசெய்த பிரஸ்ஸில், நின்று நின்று தரை தேய்ந்த இடத்திலேயே, அவன் வந்து நின்றான். புதுச் சட்டை. நெஞ்சில் நாரைப் படம், கீழே அவள் பெயர்.

“ஷட்டர இன்னாத்துக்குணே எறக்கிட்டீங்க?”

“தெருவுல நாய்ங்க உள்ள வந்துடுது.”

சிரித்தான். தகட்டை வைத்து, டை என்கிற அச்சில் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க இரண்டு கையையும் உள்ளே விட்டான். நாரை அவன் முகத்துக்கு நேராக ஸ்டாண்டில் இருந்தது. அந்தப் பிரஸ்ஸை மெதுவாகவும் இறக்கலாம், டை மாற்றும்போது அப்படித்தான் செய்வோம். மெதுவாக இறக்கினேன். மணிக்கட்டுக்கு மேலே பிடித்ததும் நிறுத்தினேன். எலும்பு உடையவில்லை. வெளியே எடுக்க முடியாது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த இரண்டு மில்லிமீட்டரில் இருந்தது.

முதலில் தவறுதலாக நடந்துவிட்டது என்று நினைத்தான். “ணே, தூக்குங்க, ணே, தூக்குங்க” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

நாரையில் 212ஐத் திறந்து வைத்தேன். “படி” என்றேன்.

“ணே, கை மரத்துப்போவுதுணே. தெரியாம நடந்துபோச்சு. தினமும் நான் அழுதுக்கினுதான் கீறேன். என்ன இன்னா வேணா பண்ணுங்க, மொதல்ல தூக்குங்க.”

“படிப்பா. அன்னிக்குப் படிக்கல இல்ல, இப்பப் படி.”

படித்தான். திக்கித் திக்கி, மூக்கில் வழிந்ததைத் துடைக்கக் கையில்லாமல் படித்தான். அவள் எழுதியதை நான் முழுதாகக் கேட்டது அப்போதுதான். மனப்பாடம் ஆகிவிட்டது, எழுதுகிறேன்.

“‘நாரை மாத்தனதுலேர்ந்து பிரஸ் தானா எறங்குது. வெள்ளிக்கெழம ரெண்டு தடவ. பெடல் மேல கால் இல்ல. ரெண்டாவது தடவ கட்டவெரல் நகம் ஒரசிக்கினு போச்சு. என் ஊட்டுக்காரரு கிட்ட சொன்னேன். எழுதிப் போடு, பாப்பாங்கன்னாரு. யாராச்சும் ஒருத்தரு நேர்ல வந்து பாருங்க. பயமா கீது.’”

நகம் உரசியதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கையைப் பார்க்கவில்லை.

“அதுக்குக் கீழ?” என்றேன்.

“பார்த்தேன். பூவராகவன்.” கண்ணை மூடிக்கொண்டான். “ரயில்ல வந்துக்கினு இருந்தேன்ணே. நாப்பது அம்பது இருந்துச்சு. படிக்கலணே. சத்தியமா படிக்கல.”

ஒத்துக்கொண்டான். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் தூக்கிவிட்டிருப்பேன். கை பிரஸ்ஸின் நெம்புகோலுக்குப் போய்விட்டது. அவன் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

“ணே” என்றான். “ரெண்டாவது பார்த்தேன்...”

பெடலை முழுதாக அமுக்கினேன்.

சத்தத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். ஈரமான விறகை உடைக்கிற மாதிரி இருந்தது. அவன் முழங்கால் மடிந்து தொங்கினான், கை பிடித்திருந்ததால் விழவில்லை. மறுபடி பேச வாயைத் திறந்தான். பேச விடாமல் பிரஸ்ஸை ஒரே தூக்காகத் தூக்கினேன். தூக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பின்பக்கமாக விழுந்தான். ரத்தம் என் செருப்புவரை வந்தது, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். முதலுதவிப் பெட்டி சுவரில் மாட்டியிருந்தது. கட்டுப்போடும் துணி, இறுக்கிக் கட்டும் பட்டை எல்லாம் அதில் உண்டு, மாதாமாதம் சரிபார்ப்பவன் நான். அதன் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவனுக்கும் பதினொரு நிமிடம் ஆகும் என்று நினைத்தேன். ஒன்பதுதான் ஆயிற்று. நடுவில் ஒருமுறை குதிகாலால் தரையை உதைத்து என் பக்கம் நகர்ந்து வந்தான். நான் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுக்கொண்டேன்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. ரம்யா. எடுத்தேன்.

“பூவாண்ணே, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல எறங்கிட்டோம். வட வாங்கியாரட்டா?”

“நான் சுப்பராயன் பேசறேன்மா. அவருக்கு இப்போ கை ஒழியல. வாங்கியா. சட்னி தனியா கட்டச் சொல்லு.”

பால் பொங்கும் சமயம். எழுந்துபோய் டீ போட்டேன். பிறகு ஷட்டரைத் தூக்கிவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன். நான் தடுக்குமுன் ரம்யா உள்ளே போய்விட்டாள் என்பதில் மட்டும் எனக்கு வருத்தம். அவள் கையில் வடைப் பொட்டலம் இருந்தது.

ஆக, நான்தான் செய்தேன். திட்டமிட்டுத்தான் செய்தேன். பைத்தியம் இல்லை, குடிக்கவும் இல்லை. படிக்காமல் பார்த்தேன் என்று போட்டதால் ஒரு பெண் செத்தாள், போட்டவன் அதற்குப் பதில் சொன்னான். இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

நேற்று நீங்கள் அந்த 212ஐ உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து, இரண்டாவது பெயர் சுப்பராயன் என்று இருக்கிறதே, அது நீதானே என்று கேட்டீர்கள். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் என் பங்குக்கு முப்பத்தேழு வந்தது. அடுப்பில் பால் இருந்தது. முதல் பெயர் ஏற்கெனவே விழுந்திருந்ததால், அவன் படித்திருப்பான் என்று போட்டேன். நான் இரண்டாவதுதான், அய்யா. முதலில் போட்டவன் அவன். அதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எழுதியதை ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே ‘படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். நீண்டுவிட்டது. பரவாயில்லை, நான் எழுதியதுதானே. போட்டுவிடுகிறேன்.

படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.

சுப்பராயன்